பெட்டி விழுந்த இடம்

எங்கள் வட்டாரத்து மெக்கானிக்குகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "சார், நீங்க முப்பத்தாறு வருசம் தொழில் பாத்தவரு. புதுசா வர்றவங்களுக்கு உற்சாகமா நாலு வார்த்த எழுதிக் குடுங்க" என்று செல்வம் கேட்டான். பழவேற்காடு பஜாரில் என் கடை இருந்த அதே வரிசையில் டிவி, செல்போன் பழுது பார்க்கிறவன். நல்ல கைக்காரன்தான். ஆனால் உற்சாகத்துக்கு அவன் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும்.

அவன் கடையில் உட்கார்ந்து என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தோணிரேவிலிருந்து ஒரு அம்மாள் ஆட்டோவில் டிவியைக் கொண்டுவந்து இறக்கினார். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, படம் வரவில்லை. அந்த டிவி கம்பெனிக்கு இந்தப் பக்கத்து சர்வீஸ் ஆள் செல்வம்தான். செல்போனில் ஒரு ஃபாரம் திறந்தான். பொருள் தானாகக் கெட்டதா, கீழே விழுந்து கெட்டதா என்று அதில் டிக் அடிக்க வேண்டுமாம். விழுந்தது என்றால் வாரன்டி கிடையாது. டிவியைத் திருப்பிப் பார்த்தான், ஒரு மூலையைத் தடவினான், டிக் அடித்தான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"சாமி சத்தியமா கீழ போடல தம்பி. ஆணி அடிச்சி மாட்னது மாட்னபடி இக்குது" என்றார் அந்த அம்மாள்.

"எல்லாரும் இதான் சொல்றீங்கம்மா. மூல நசுங்கி இக்குது பாருங்க."

அவர் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. நானும் ஒருமுறை இப்படி டிக் அடித்திருக்கிறேன், ஃபாரத்தில் இல்லை, வாயால். அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

எனக்குச் சொந்த ஊர் காட்டூர். அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டான், எனக்குச் சேற்றில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. மெட்ராசுக்குப் போய் ஒரு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பட்டறையில் சேர்ந்தேன். ஏழு வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடம் டீ வாங்கினேன், ஸ்க்ரூ கழற்றினேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் முதலாளி நரசிம்மன் சாரைப் பற்றி எழுதத்தான் வேண்டும். முழுக்கைச் சட்டை, கையை மடிக்க மாட்டார், பட்டன் போட்டபடியே சால்டரிங் செய்வார். கெட்டுப்போன பெட்டி வந்தால் தொடவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு பக்கமும் சுற்றி வருவார். குனிந்து மோந்து பார்ப்பார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் பழுது இன்னது என்று எழுதி மடித்து, சால்டரிங் ஸ்டாண்டுக்கு அடியில் வைப்பார். நாங்கள் பெட்டியைத் திறந்து மணிக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த பிறகு சீட்டை எடுத்து வாடிக்கையாளர் முன்னால் பிரிப்பார். சொல்லிவைத்தாற்போல் அதே பழுது எழுதியிருக்கும். வாடிக்கையாளர் வாயைப் பிளப்பார். ஒருமுறை நான் ஆர்வத்தில் பெட்டித் தூசியைத் துடைத்துவிட்டேன். "துடைச்சிட்டு அப்புறம் எத்தடா பாப்ப?" என்று தலையில் குட்டினார். அது நல்ல பாடம்தான். பாழாய்ப்போன நான் அதை மறந்தேன்.

நான்காவது வருடம் ஸ்டாண்டைத் துடைக்கப் போனவன் அடியில் மூன்று சீட்டுகளைப் பார்த்தேன். மூன்றிலும் வேறு வேறு பழுது. எது சரியாக வருகிறதோ அதை எடுத்துப் பிரிப்பார், மற்றது இரண்டும் குப்பைக்கு. நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். "தெரியலன்னு மெக்கானிக் சொன்னா அடுத்த நாள் கடைல ஈ ஓட்டணும்டா. வாய்ல அந்த வார்த்தையே வரக் கூடாது" என்றார். ஏமாற்று வேலை என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான். ஆனால் துடைக்காதே என்று அவர் சொன்ன நல்லதை விட்டுவிட்டு, தெரியவில்லை என்று சொல்லாதே என்று சொன்ன கெட்டதைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

பழவேற்காட்டில் கடை போட்டதும் என்னை முதலில் அடித்தது உப்பு. ஏரிக்குள் இருக்கும் ஊர்களிலிருந்து, பசியாவரம் போன்ற தீவு ஊர்களிலிருந்து, எல்லாமே படகில் வரும். படகில் வருகிற எந்தப் பொருளின் மேலும் உப்புத் தண்ணீர் தெறித்திருக்கும். கோன் ஸ்பீக்கர், வயர்லெஸ் செட், கோயில் ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் சரி, இன்றைக்குத் துடைக்காமல் வைத்தால் நாளைக்குப் பச்சை பூத்துவிடும். ஆகவே எங்கள் பக்கத்து மெக்கானிக் யாராக இருந்தாலும் முதல் வேலை துடைப்பதுதான். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒரு துடைப்பு. பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெய். பிறகு அரைமணி நேரம் வெயில். அதற்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரையே கையில் எடுப்போம். பஜாரில் என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கை தானாகவே செய்யும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து நடந்தது. ஏரிக்குள் இருக்கும் ஓர் ஊர். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வைகாசியில் கங்கையம்மனுக்குத் திருவிழா. பாட்டுக் கச்சேரிக்குப் பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவைப் பேசியிருந்தார்கள். சாமான்களெல்லாம் வேனில் பழவேற்காடு வந்து, அங்கிருந்து படகில் ஊருக்குப் போயின. குழுவில் கிடார் வாசிக்கிறவர் ரமேஷ். அவருடைய கிடார் ஆம்ப்ளிஃபயர் ஒரு கனமான பெட்டி. உள்ளேயே பெரிய ஸ்பீக்கர், இரும்புத் துண்டு மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு ஆள் தூக்க வேண்டியதை ஒரே ஆள் தூக்கினார். அவர்தான் தேசப்பன். அந்த ஊர்க்காரர், தன் படகிலேயே பெட்டியைக் கொண்டுவந்தவர். கரையில் இறங்கும்போது கால் வழுக்கிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் இருந்த இரண்டு பேர் அவர் விழுவதை மட்டும் பார்த்தார்கள். சாயங்காலம் மேடையில் பெட்டிக்கு உயிர் வரவில்லை. கச்சேரி கிடார் இல்லாமல் நடந்தது.

அத்தோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான், ஊர்ப் பொதுவில் சரிசெய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் குழுவினர் சத்தம் போட்டபோது, குடித்துவிட்டுப் போட்டான் என்று யாரோ சொல்ல, தேசப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. திருவிழாவுக்கு அம்மன் வெளியே எழுந்தருளியிருந்த நேரம். நேரே போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். பெட்டி எதன் மேலும் மோதவில்லை, என் மடியில் சரிந்து சேற்றில் இறங்கியது, அவ்வளவுதான் என்று.

மறுநாள் பெட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் தணிகாசலம் என் கடைக்கு வந்தார்.

"ரேடியோக்காரரே, இத்த செஞ்சி குடுக்கணும். அது ஒண்ணு. எப்டி கெட்டுச்சின்னு சொல்லணும். அது ரெண்டு."

"செய்யறது என் வேலை. எப்படிக் கெட்டா உங்களுக்கு இன்னா பெரியவரே?"

"பொட்டி போனா போவுது. சத்தியம் இன்னா ஆவறது? அவன் சொன்னது நெசம்னா, அவன வாய்க்கு வந்தபடி பேசுனவன் அவன் கால்ல வுழணும். பொய்யின்னா, ஆத்தா எதுரே பொய்ச் சத்தியம் பண்ணவன ஊருக்குள்ள வச்சிக்கினு நாங்க ஏரில எப்டி எறங்கறது? பாடு முறைலேர்ந்து பேர எடுத்துருவோம்."

பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறா கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை வைத்துக்கொள்ளும். முறையில் பேர் இல்லாதவன் அந்த இடங்களில் வலை போட முடியாது. மழைக்குப் பிறகு இறா வரும் மாதங்களில் மற்றவர்கள் படகு போவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதோடு நல்லது கெட்டதுக்கு அழைப்பும் கிடையாது. தேசப்பனுக்கு மனைவி கங்கம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

இது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஐயோ, இது நம் வேலை இல்லையே என்று தோன்றியதா? இல்லை. ஒரு ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கொழுப்புத்தான் வந்தது. நரசிம்மன் சார் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரெண்டு நாள் குடுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

அவர் போனதும் சாக்கைப் பிரித்தேன். பெட்டி முழுக்கச் சேறு காய்ந்திருந்தது. பார்க்க வேண்டியதுதானே? சேறு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், நசுங்கிய மூலைக்குள் என்ன ஒட்டியிருக்கிறது என்று? துணியை நனைத்தேன், பிழிந்தேன், துடைத்தேன். படகில் வந்த சாமான் ஆயிற்றே! பின்பக்கத்துக் கீழ் மூலை நன்றாக உள்ளே போயிருந்தது, மூலைக்குப் போட்டிருந்த தகடு மடங்கியிருந்தது. மடிப்புக்குள் கறுப்பாக ஏதோ பிசுக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், துணியில் கறுப்பாக வந்தது. படகின் பலகை இடுக்குகளுக்குப் பூசும் கீல் என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன். கீல் பூசிய படகு விளிம்பில் மோதியிருக்கிறது. பிசுக்கோடு ஒரு கருங்கல் சில்லும் வந்தது, அரிசி அளவுதான். விரலால் சுண்டி வெளியே எறிந்தேன். அது தெருவில் போய் விழுந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு திறந்தேன். பின்பலகையைக் கழற்றியதும் டிரான்ஸ்ஃபார்மர் என் பக்கம் சாய்ந்தது. நான்கு போல்ட்டில் இரண்டு தலையோடு பிய்ந்திருந்தன, மற்ற இரண்டில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு கனமான இரும்பு ஆடினால் போர்டு தாங்குமா? பெரிய கெப்பாசிட்டர் நிற்கும் இடத்திலிருந்து ஓரம் வரைக்கும் மயிரிழை போல ஒரு விரிசல். அது ஐந்து செம்புக் கோடுகளை வெட்டியிருந்தது. மூன்று முழுசாக விட்டிருந்தன. இரண்டு தொட்டும் தொடாமலும் இருந்தன, விரலால் போர்டை அழுத்தினால் சேரும், விட்டால் பிரியும்.

போர்டைப் புதிதாக வாங்க வழியில்லை, அந்த மாடலுக்குக் கிடைக்காது. பிளேடால் விரிசலின் இருபுறமும் பச்சைப் பூச்சைச் சுரண்டினேன். செம்பு பளிச்சென்று தெரிந்ததும் ஈயம் பூசினேன். டெலிபோன் வயரைப் பிரித்து ஒற்றைக் கம்பியை எடுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் பாலம் போட்டேன். ஐந்துக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு பகல் முழுக்கப் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரிய போல்ட்டும், அடியில் ஒரு இரும்புப் பட்டையும் போட்டு முடுக்கினேன். ஸ்பீக்கர் காகிதத்தை இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினால் உள்ளே காயில் உரசுவது கேட்டது. சட்டம் லேசாக முறுக்கியிருந்தது. ஸ்பீக்கரைக் கழற்றி அரை வட்டம் திருப்பி வைத்து, எதிர் எதிர் ஸ்க்ரூவாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். உரசல் போய்விட்டது.

கடைசியாக நூறு வாட் பல்பைத் தொடராகப் போட்டுக் கரண்ட் கொடுத்தேன். பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். ஒரு முறை பளிச்சென்று எரிந்து, மெதுவாக இறங்கிச் சிவப்பாக நின்றது. நல்ல சகுனம். கிடாருக்குச் செருகும் ஒயரின் முனையை விரலால் தொட்டேன், ஸ்பீக்கர் கொர்ரென்று உறுமியது. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் செய்த வேலை வேறு இல்லை.

சொன்ன நாளில் தணிகாசலமும் இன்னும் இரண்டு பஞ்சாயத்தாரும் வந்தார்கள். கூடவே தேசப்பன். என் வயதுதான் இருக்கும், குள்ளமான ஆள், திருவிழாவுக்கு வெட்டிய முடி. கடைக்கு உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"இன்னா ரேடியோக்காரரே, எப்டி வுழுந்துருக்கு?" என்றார் தணிகாசலம்.

"ஆள் ஒசரத்துலேர்ந்து வுழுந்துருக்கு. கெட்டியான எடத்துல. சேத்துல வுழுந்தா போல்ட்டு பிய்யாது."

"கெட்டியான எடம்னா?"

"படகு விளிம்பு. மூலைல கீல் ஒட்டிக்கினு இருந்துச்சி. என் கையால தொடச்சேன்."

தேசப்பன் ஒரு படி ஏறினார். "ணா, தோள்லேர்ந்து மடில சரிஞ்சிச்சி ணா. மடிலேர்ந்து சேத்துல. எத்துலயும் இடிக்கல. நா உக்காந்த வாக்குலயே புடிச்சிக்கினு இருந்தேன்."

"குடிச்சிருந்தியா?"

"திருநாளுக்கு ஒரு கிளாஸ் ஊத்திக்கினேன். அதுக்காவ?"

"பெட்டி பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்வான்" என்றேன்.

இந்த வசனத்தை எங்கே பிடித்தேனோ தெரியாது. பஞ்சாயத்தார் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேசப்பன் என் முகத்தையே பார்த்தபடி, "அப்டியா?" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் பேசவில்லை. மாட்டிக்கொண்டவன் வாயடைத்துப்போனான் என்று எடுத்துக்கொண்டேன்.

உறுதியாத் தெரியல பெரியவரே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டி அதற்கு முந்தி எங்கெங்கே போயிற்று, யார் யார் தூக்கினார்கள் என்று கேட்டிருக்கலாம். கூப்பிடு தூரத்தில்தான் அவர் படகைக் கட்டிவிட்டு வந்திருந்தார், எழுந்து போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

அந்த வருடப் பாடு முறையில் தேசப்பன் பேர் இல்லை என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். கங்கம்மா இந்தப் பக்கம் மீன் விற்க வந்தால் என் கடையைத் தாண்டும்போது காறித் துப்பிவிட்டுப் போவார். பொய்ச் சத்தியம் செய்தவன் பெண்டாட்டிக்கு எத்தனை திமிர் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் வாய்விட்டும் சொன்னேன், இரண்டு பேர் கேட்டார்கள்.

கார்த்திகையில் ரமேஷ் அதே பெட்டியை வேனில் கொண்டுவந்தார். சத்தம் கூட்டினால் லேசாகக் கரகரக்கிறது என்றார். ஒரு கம்பி விட்டிருந்தது, உடனே வைத்துவிட்டேன். வேன் டிரைவர் கடை வாசலில் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டி பொட்டி சார் இது. எத்தினி அடி வாங்கியும் நிக்குது" என்றார்.

"ஒரு அடிதானே?" என்றேன்.

"நீங்க ஒண்ணு! அந்தத் திருவிழா அன்னிக்கி காலைல பொன்னேரி ரோட்டுல நானே போட்டேன். பின் கதவு சரியா மாட்டல, வேன் கெளம்புனதும் டமார்னு வுழுந்துச்சி. நல்ல வெயிலு, தாரு இளகிக் கெடந்துச்சா, அப்டியே ஒட்டிக்கினு வர மாட்டேன்னுடுச்சி. தூக்கி ஏத்திக்கினு கம்முனு வந்துட்டேன். இவரு கிட்ட சொன்னா தோல உரிச்சிருப்பாரே!"

ரமேஷ் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் சிரித்தார். அவர்களுக்கு அது தமாஷ். சால்டரிங் அயனை ஸ்டாண்டில் வைக்க மறந்து மேஜைமேல் வைத்துவிட்டேன், பலகை கருகி நாற்றம் வந்த பிறகுதான் எடுத்தேன்.

கறுப்புப் பிசுக்கு. கருங்கல் சில்லு. தீவு ஊரில் தார் ரோடு ஏது, கருங்கல் ஏது? மணலும் சேறும் கிளிஞ்சலும்தான். ரோட்டில் விழுந்தபோதே போல்ட் பிய்ந்து, விரிசல் விட்டு, பெட்டி குற்றுயிராகத்தான் படகில் ஏறியிருக்கிறது. மடியிலிருந்து சேற்றில் இறங்கிய சின்ன அதிர்ச்சியே அதற்குப் போதும். அவர்கள் வேன் கிளம்பியதும் கடையைப் பூட்டாமலேயே படகுத்துறைக்கு ஓடினேன். தேசப்பன் படகு எது என்று கேட்டேன். காட்டினார்கள். தொழில் இல்லாததால் இந்தக் கரையிலேயே வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது, நீலப் பெயின்ட் அடித்த ஃபைபர் படகு. சுனாமிக்குப் பிறகு வந்தது. ஃபைபர் படகுக்கு எவன் கீல் பூசுவான்? கூப்பிடு தூரம் நடந்து பார்த்திருந்தால் என் வாய் மூடியிருக்கும்.

இப்போது நீங்கள் நினைப்பீர்கள், உடனே ஊருக்குப் போய்த் தணிகாசலத்திடம் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று. போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு தவறை ஒப்புக்கொண்டால் பஜார் முழுக்கச் சிரிக்கும், இனி யார் என்னை நம்பிப் பெட்டி கொடுப்பார்கள் என்று பயம். இறா வந்த மாதங்கள் அவை. தினமும் காலையில் கூடை கூடையாக இறா கடை முன்னால் போகும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தையில் காட்டூரில் அண்ணன் வயலில் அறுப்பு. வழக்கம்போல ஒருநாள் போனேன். கட்டு சுமக்கிறவர்களில் ஒரு குள்ளமான ஆள் வரப்பில் தடுமாறித் தடுமாறி வந்தார். எங்கள் ஊர் ஆட்கள் கட்டோடு ஓடுவார்கள். இவருக்கு வரப்பு பழக்கமில்லை. பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது, தேசப்பன்.

"யாரு ணா இவரு?" என்று அண்ணனைக் கேட்டேன், தெரியாதவன் மாதிரி.

"ஏரிக்கார ஆளு. பாடு முறைல பேர் இல்லயாம், கூலிக்கு வந்தாரு. இன்னாமோ பொய்ச் சத்தியம் கேசாம். நமக்கு இன்னா, வேல செஞ்சா சரி."

கட்டை இறக்கிவிட்டு அவர் களத்து ஓரம் தண்ணீர் குடிக்கப் போனார். பின்னாலேயே போனேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். டிரைவர் சொன்னது, தார், கல், ஃபைபர் படகு எல்லாம். "தப்பு என்னுதுதான். நீ சொன்னதுதான் நெசம். நாளைக்கே உங்க ஊருக்கு வர்றேன், பஞ்சாயத்துல சொல்றேன்" என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ஆடி மாசம் ஆத்தாகிட்ட போயி ஒத்துக்கினேன் ணா" என்றார்.

"இன்னாத்த?"

"பொய்ச் சத்தியம் பண்ட்டேன் தாயேன்னு. ஊரே நின்னுக்கினு இருந்துச்சி. கற்பூரம் ஏத்தி, வுழுந்து கும்பிட்டு, நா பொய்தான் சொன்னேன்னு மூணு தபா சொன்னேன். அப்பறந்தான் புள்ளைங்கள நல்லது கெட்டதுக்குக் கூப்ட்டாங்க."

"பண்ணாத தப்ப ஏன் ஒத்துக்கினே?"

முதல்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. "நீ சொன்னியே! படிச்ச ஆளு, பொட்டியத் தொறந்து பாத்த ஆளு, கீல் இருந்துச்சின்னு சொன்னியே! என் படகுல கீல் இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா பக்கத்துல எட்டியப்பன் மரப்படகு நின்னுக்கினு இருந்துச்சி. அதுல இடிச்சிருப்பனோன்னு நெனச்சிப் பாத்தேன். ஒரு கிளாஸ் ஊத்திருந்தேன் வேற. தெனம் படுத்துக்கினு நெனச்சி நெனச்சிப் பாத்தேன் ணா. கடசில என் கண்ணுலயே தெரிய ஆரம்பிச்சிச்சி, பொட்டி மரப்படகுல போயி இடிக்கறா மாரி. சத்தங்கூட கேட்டுச்சி."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப வந்து அதெல்லாம் இல்லன்ற. அப்ப மொத சத்தியம் நெசம். ஆடில நா ஆத்தா எதுர ஒத்துக்கினதுதான் பொய். அப்டித்தான?"

"நான் சொல்றேன் தேசப்பா. ஊர்ல எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்றேன்."

"இன்னான்னு சொல்வ? இவன் அப்பப் பொய் சொல்லல, இப்பத்தான் பொய் சொன்னான்னா? ஆத்தாகிட்ட நா இன்னோரு தபா எப்டிப் போவேன்? எந்த மூஞ்சிய வச்சிக்கினு? வாணா ணா. அடுத்த வருசம் பாட்டுல பேர் போடறோம்னு சொல்லி இக்கறாங்க. நீ வராத. யாராண்டையும் சொல்லாத."

நான் போகவில்லை. மறு வருடம் பாட்டில் பேர் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பொய்ச் சத்தியம் செய்து மன்னிப்புக் கேட்டவர் என்றுதான் அந்த ஊரில் இன்றைக்கும் அவருக்குப் பேர்.

அன்றைக்கு அண்ணன் வரப்பிலிருந்து, "இன்னாய்யா அங்க பேச்சு?" என்று குரல் கொடுத்தான். தேசப்பன் வயலுக்குத் திரும்பிப் போய் அடுத்த கட்டின் முன்னால் குனிந்தார். தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, பெரிய கட்டு.

"ஒரு கை குடு ணா."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கை கொடுத்தேன். இரண்டு பேருமாகக் கட்டை அவர் தலைமேல் ஏற்றினோம். அவர் கழுத்தை ஆட்டிச் சரிசெய்துகொண்டு, நடக்கத் தொடங்கும் முன் என்னைப் பார்த்தார்.

"கைய மெதுவா எடு. வுழுந்துச்சின்னா, எங்கேர்ந்து வுழுந்துச்சின்னு உன்னத்தான் இட்டாந்து கேப்பாங்க."